தம்பியின் மூச்சு

என் தம்பி கவின் சிரிப்பதற்குப் பயந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். நான் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவ மாணவி. வாய்விட்டுச் சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். இருமல் தொடர்ந்தால் இழுப்பு வரும். இழுப்பு வந்தால் அம்மாவின் முகம் வாடிப்போகும். இவை மூன்றையும் அவன் மனத்திற்குள் ஒரு கணக்காகவே போட்டு வைத்திருந்தான். அதனால், தொலைக்காட்சியில் நகைச்சுவைக் காட்சி வந்தால் உதடுகளை இறுக மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவான். ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் ஒரு சிறுவனின் சிரிப்பில்கூடக் கை வைக்கும் என்பதை அவனைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு கிள்ளானில் இருந்தது. அப்பா துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். வீட்டிற்குப் பின்னால் இருந்த சாலையில் இரவும் பகலும் கனரக வாகனங்கள் ஓடும். சன்னல் கம்பிகளை அம்மா காலையில் துடைத்தால் மாலைக்குள் மீண்டும் கருப்பாகத் தூசி படிந்துவிடும். அந்த வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, நான், தம்பி என ஐவர் இருந்தோம்.

கவின் கைக்குழந்தையாக இருந்தபோதே முழங்கை மடிப்புகளில் அவனுக்குத் தோல் சிவந்து அரிக்கும். நடக்கத் தொடங்கிய வயதில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. காலையில் எழுந்தவுடன் பத்துப் பன்னிரண்டு தும்மல்கள் தும்மாமல் அவனுக்குப் பொழுது விடியாது. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பான். அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு மெல்லிய கோடே விழுந்துவிட்டது. வகுப்பு நண்பர்கள் அவனைப் போலவே மூக்கைத் தேய்த்துக் காட்டிக் கேலி செய்வார்கள். நான்கு வயதில் ஈளை நோயும் வந்து சேர்ந்தது. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நோய்கள் என்று மருத்துவர்கள் கூறுவர். உடலைக் காக்க வேண்டிய தற்காப்பு ஆற்றல், தீங்கில்லாத தூசியையும் மகரந்தத்தையும்கூடப் பகைவன் என்று எண்ணிப் போரிடுகிறது. அதைத்தான் ஒவ்வாமை என்கிறோம்.

2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புகைமூட்டம் வந்தது. அது எங்களுக்குப் புதிதன்று. 1997ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது; அங்கு அவசரநிலையும் அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அந்நிலை ஏற்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூவாரிலும் லெடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் சிங்கப்பூரிலும் குறியீடு 400ஐத் தாண்டியது. ஆயினும், 2015ஆம் ஆண்டின் புகைமூட்டத்தை நான் மறக்க முடியாது. அது வாரக்கணக்கில் நீடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் வானம் சாம்பல் நிறமாகவே இருந்தது. கதிரவன் தேய்ந்த செப்புக்காசைப் போலத் தெரிந்தது. துணிகளில், தலைமுடியில், சோற்றில்கூடக் கருகிய மணம் வீசியது.

இந்தப் புகை பெரும்பாலும் இந்தோனேசியாவின் சுமத்திரா, கலிமந்தான் பகுதிகளிலிருந்து வந்தது. அங்குள்ள கரிச்சதுப்பு நிலங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிய மரங்களும் இலைகளும் சேர்ந்து உருவானவை. ஈரமாக இருக்கும்வரை அவை எளிதில் தீப்பிடிக்கா. ஆனால், தோட்டங்கள் அமைப்பதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்நிலம் காய்ந்த விறகாகிவிடும். அதில் வைக்கப்படும் தீ மண்ணுக்கு அடியிலும் கனன்றுகொண்டே இருக்கும். மேலே நீரை ஊற்றினாலும் கீழே அணையாது. 2015ஆம் ஆண்டில் எல் நினோ எனும் பருவநிலை நிகழ்வால் மழை குறைந்தது. அவ்வாண்டில் இந்தோனேசியாவில் ஏறக்குறைய 2.6 மில்லியன் எக்டர் நிலம் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று உடல்நலத்திற்குக் கேடானது. 200ஐத் தாண்டினால் மிகவும் கேடானது. 300க்கு மேல் போனால் ஆபத்தானது. அவ்வாண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல நாள்களுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. என் தோழிகளுக்கு அது எதிர்பாராமல் கிடைத்த விடுமுறை. கவினுக்கு அது வீட்டுச் சிறை. அம்மா சன்னல்களை எல்லாம் அடைத்தார். கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினார். பந்தும் மிதிவண்டியும் வீட்டின் பின்பக்கத்தில் முடங்கிக் கிடந்தன. தம்பி சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பான். முதல் வாரம் முணுமுணுத்தான். இரண்டாம் வாரம் சிறு சிறு காரியத்திற்கெல்லாம் எரிந்து விழுந்தான். மூன்றாம் வாரம் எதுவுமே பேசாமல் அடங்கிப்போனான். அந்த அமைதிதான் எனக்குக் கலக்கத்தைத் தந்தது.

ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரியவில்லை. கவின் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றியிருந்தான். தோள்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது. மூச்சை வெளிவிடும்போதெல்லாம் மெல்லிய விசில் போன்ற ஒலி கேட்டது.

“கவின், எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாய்? ஏன் யாரையும் எழுப்பவில்லை?” என்று கேட்டேன்.

அவன் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியபடி, “அம்மா... அழுவாங்க, அக்கா” என்றான்.

அந்த மூன்று சொற்கள் என்னைச் சுட்டன. அவன் வலியை மறைத்ததற்குக் காரணம் அசட்டையன்று, அன்பு. தன் ஒவ்வோர் இருமலுக்கும் அம்மா விழித்திருப்பதை அவன் பார்த்திருக்கிறான். மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களில் அப்பா வேலைக்குப் போக முடியாமல் கூலியை இழப்பதையும் அவன் அறிவான். தன்னால் மற்றவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று ஒன்பது வயதுப் பிள்ளை இருட்டில் தனியாகப் போராடிக்கொண்டிருந்தான்.

அம்மாவை எழுப்பினேன். அப்பா லாரி ஓட்டப் போயிருந்ததால் பக்கத்து வீட்டு மக்சிக்கின் மகன் தம் காரில் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவசரப் பிரிவில் கவினைப் போலவே பல பிள்ளைகள் முகத்தில் நெகிழி முகமூடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகமூடிக்குள் மருந்து பனிமூட்டம் போல எழுந்தது. அரை மணி நேரத்தில் தம்பியின் மூச்சு சீரானது. அம்மா அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் சந்தித்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் முதலில் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கவினின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, உனக்கு எந்த நேரத்தில் அதிகப் பயமாக இருக்கும்?”

கவின் என்னைப் பார்த்தான். பிறகு, “ராத்திரியில், டாக்டர். தூங்கிவிட்டால் மூச்சு விட மறந்துபோவேனோ என்று நினைப்பேன்” என்றான்.

அதுவரை எங்களில் எவரும் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “மருந்து குடித்தாயா?”, “சளி இருக்கிறதா?”, “காய்ச்சல் அடிக்கிறதா?” என்பவைதாம் எங்கள் வீட்டுக் கேள்விகள்.

மருத்துவர் மேசையிலிருந்து ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலை எடுத்து என்னிடம் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்குழல் வழியாக மட்டும் மூச்சு விடும்படி சொன்னார். பத்து நொடிகளுக்குள் எனக்கு நெஞ்சு படபடத்தது. குழலை எடுத்துவிட்டேன்.

“உங்கள் தம்பிக்கு இழுப்பு வரும்போது இப்படித்தான் இருக்கும். மூச்சுக்குழாய்கள் வீங்கிவிடுகின்றன, சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உள்ளே சளி சேர்கிறது. நீங்கள் குழலை எடுத்துவிட்டீர்கள். அவனால் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் பயம் வருவது இயல்பு. பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். மூச்சு வேகமானால் திணறல் கூடும். திணறல் கூடினால் பயமும் கூடும். இந்தச் சுழலை உடைக்க வேண்டும். அதற்கு மருந்தும் வேண்டும், தைரியமும் வேண்டும்” என்று விளக்கினார்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். “இவன் தினமும் எந்த பம்ப்பைப் பயன்படுத்துகிறான்?” என்று கேட்டார்.

அம்மா தயங்கியபடி, “தினமும் கொடுப்பதில்லை, டாக்டர். பம்ப் பிடித்துப் பழகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள்” என்றார்.

எங்கள் உறவினர் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் கோபப்படவில்லை. பம்ப்புகள் இரு வகைப்படும் என்று பொறுமையாகச் சொன்னார். நீல நிற பம்ப், இழுப்பு வந்தபின் மூச்சுக்குழாயை விரிப்பது. மற்றொன்று, உள்ளே இருக்கும் வீக்கத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணித்து, இழுப்பு வராமலே தடுப்பது. “வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா? இரண்டாவது பம்ப்தான் அணை. வெள்ளம் வந்தபின் ஓடும் படகுதான் நீல பம்ப். படகை மட்டும் வைத்துக்கொண்டு அணையைக் கட்டாமல் விட்டால் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வீட்டுக்குள் வரும்” என்றார். மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்ச் சேர ஒரு நெகிழிக் கூண்டையும் தந்தார். பம்ப்பை அதன் ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் வாயை வைத்து மெல்ல மூச்சிழுக்க வேண்டும்.

வீட்டிற்குத் திரும்பியதும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினோம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்கள் இருந்தன. நன்றாக இருக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும், இருமல் கூடினால் என்ன செய்ய வேண்டும், பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால் யாரை அழைக்க வேண்டும் என்று மருத்துவரே எழுதியிருந்தார். அந்தத் தாளை ஒட்டிய பிறகு அம்மாவிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். முன்பெல்லாம் தம்பி இருமினால் அம்மா பதறுவார். இப்போது தாளைப் பார்ப்பார், அதன்படி செய்வார். அம்மாவின் கைகள் நடுங்காததைக் கண்ட கவினும் மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லத் தொடங்கினான்.

பாட்டியை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வீடு முழுவதும் சாம்பிராணி போடுவது பாட்டியின் வழக்கம். பூச்சிகள் ஓடும், தீயவை அகலும், வீடு மணக்கும் என்பது அவர் நம்பிக்கை. பேரனின் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, அவன் பக்கத்திலேயே சாம்பிராணித் தட்டை வைத்துக்கொண்டு அவனுக்காக வேண்டிக்கொள்வார். வெளிப்புகைக்காகச் சன்னலை அடைத்துவிட்டு உள்ளே புகை போட்டால் அது எங்கே போகும்?

அம்மாவால் பாட்டியிடம் இதைச் சொல்ல முடியவில்லை. கவினே சொன்னான். “பாட்டி, நீங்கள் எனக்காகத்தான் சாமி கும்பிடுகிறீர்கள். ஆனால், அந்தப் புகை வந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.”

பாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டு வெளியே வரவில்லை. சாமி மேடையில் மல்லிகைச் சரமும் சிறிய அகல் விளக்கும் மட்டும் இருந்தன. “சாமிக்கு வாசனை வேண்டும். அது பூவிலும் இருக்கிறது, ராசா” என்றார். எழுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு வாரத்தில் விட்டுக்கொடுத்த பாட்டியின் மனம் எத்துணைப் பெரியது!

அதன்பின் வீட்டில் ஒவ்வொன்றாக மாறின. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டினோம். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பேன்களுக்கு ஏற்றவை. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் கழிவுகளே இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. ஆகையால், படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்தோம். அப்பா சிகரெட் பிடிப்பதை முதலில் வாசலுக்கு மாற்றினார். துணியில் ஒட்டிய புகையும் தம்பியைத் தாக்கும் என்று தெரிந்தபின் மருத்துவரின் உதவியோடு முற்றாக நிறுத்தினார். பக்கத்து வீட்டு மக்சிக் காய்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதையும் விட்டுவிட்டார். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நம் நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், அவரை நிறுத்தியது சட்டமன்று. அம்மா ஒரு தட்டு முறுக்கோடு போய்க் கவினைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான்.

மருத்துவர் கவினிடம் ஒரு சிறு கருவியையும் கொடுத்திருந்தார். ஒரே மூச்சில் ஊதினால் மூச்சின் வேகத்தை அது எண்ணில் காட்டும். கவின் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்றைக் குறித்தான். அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு முதலாவது. தான் ஊதிய அளவு இரண்டாவது. மூன்றாவதாக ஒரு முகம் வரைவான். மகிழ்ச்சியான நாளில் சிரித்த முகம். வருத்தமான நாளில் கவிழ்ந்த வாய். பயந்த நாளில் வட்டக் கண்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து அந்தப் புத்தகத்தை நாங்கள் மூவரும் புரட்டிப் பார்த்தோம். குறியீடு ஏறிய நாள்களில் ஊதிய அளவு இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததே. ஆனால், காற்று நன்றாக இருந்த சில நாள்களிலும் அளவு இறங்கியிருந்தது. அந்நாள்களில் வட்டக் கண் முகங்களைக் கண்டோம். ஒன்று கணிதத் தேர்வு நாள். மற்றொன்று, பணப் பற்றாக்குறையால் அப்பாவும் அம்மாவும் உரக்கப் பேசிக்கொண்ட நாள். அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு சிறுவனின் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு அறிவியல் உண்மையை நிறுவிவிட முடியாது. ஆயினும், மன அழுத்தமும் அழுகையும் அச்சமும் ஈளை நோயைத் தூண்டக்கூடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஈளை நோயுள்ள பிள்ளைகளிடம் மனக்கவலை அதிகமாகக் காணப்படுகிறது என்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலும் மனமும் ஒன்றின் கதவை ஒன்று தட்டிக்கொண்டே இருக்கின்றன.

புகைமூட்டம் இருந்த நாள்களில் தம்பி தொலைக்காட்சிச் செய்திகளைக் கூர்ந்து பார்ப்பான். ஒருநாள் கலிமந்தானில் உள்ள பாலங்காராயா நகரைக் காட்டினார்கள். அங்கே குறியீடு 1000ஐத் தாண்டியிருந்தது. காற்றே மஞ்சள் நிறமாக இருந்தது. தாய் ஒருவர் குழந்தையை மார்போடு அணைத்தபடி நடந்து சென்றார்.

“அப்பா, நமக்கே இப்படி என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? அவர்களிடம் பம்ப் இருக்குமா?” என்று கவின் கேட்டான்.

அதுவரை நாங்கள், “அவர்கள் புகை நம்மைக் கெடுக்கிறது” என்றே பேசி வந்தோம். அங்குள்ள பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே தீ இருக்கிறது என்பதை எங்களுக்கு நினைவூட்டியவன் மூச்சுக்காகப் போராடிய ஒரு சிறுவன். நோய் அவனை ஒடுக்கவில்லை. மற்றவர் துன்பத்தைக் காணும் கண்ணைத் தந்திருந்தது.

எல்லை தாண்டும் புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா 2014ஆம் ஆண்டில் அதனை ஏற்று உறுதிசெய்தது. அதே ஆண்டில், புகைமூட்டத்திற்குக் காரணமாகும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இயங்கினாலும் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கச் சிங்கப்பூர் ஒரு சட்டத்தை இயற்றியது. இத்தகைய முயற்சிகள் தேவையானவை. எனினும், தாளில் உள்ள ஒப்பந்தம் சதுப்பு நிலத்தின் ஈரமாக மாறும் வரையில் பிள்ளைகளின் மூச்சு பாதுகாப்பாக இருக்காது.

புகைமூட்டம் இல்லாத நாள்களிலும் வாகனங்களும் தொழிற்சாலைகளும் நுண்துகள்களைக் காற்றில் கலக்கின்றன. இவற்றில் மிகச் சிறியவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. நம் தலைமுடியின் தடிமன் இதைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு இருக்கும். மூக்கின் மயிர்களால் இவற்றைத் தடுக்க முடியாது. நேராக நுரையீரலின் ஆழத்திற்குச் சென்றுவிடும். சாதாரண முகக்கவசமும் இவற்றை முழுமையாகத் தடுக்காது. பிள்ளைகள் தங்கள் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களின் நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. ஆகவேதான் பாதிப்பும் கூடுதலாகிறது. உலகில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 93 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 1.8 பில்லியன் பேர், நலத்திற்குக் கேடான காற்றைச் சுவாசிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் தெரிவித்தது.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மீண்டும் புகைமூட்டம் வந்தபோது கவின் முதலாம் படிவத்தில் இருந்தான். பள்ளிகள் மூடப்படுவதற்கு முந்திய நாள் அவன் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு இழுப்பு வந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் பதறினார்கள். ஒருவன் முதுகில் தட்டினான். ஒருவன் தண்ணீரை நீட்டினான். கவின் அவர்களை விலகி நிற்கச் சொன்னான். நண்பனை நிமிர்ந்து உட்கார வைத்தான். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினான். ஒருவனை ஆசிரியரிடம் ஓடச் சொல்லிவிட்டு, நண்பனின் பையிலிருந்து அவனுடைய நீல பம்ப்பை எடுத்துக் கொடுத்தான். பிறகு அவன் எதிரில் அமர்ந்து, “என்னைப் பார். நான் எண்ணுகிறேன். மெதுவாக விடு. நான் எங்கும் போகமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

இதை அவனுடைய ஆசிரியர்தான் அம்மாவிடம் தொலைபேசியில் தெரிவித்தார். வீட்டில் அவன் எதையும் சொல்லவில்லை. “அவனுக்கு மருந்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியும், அக்கா. தனியாக இருக்கிறோமோ என்ற பயம்தான் அதிகம். எனக்குத் தெரியாதா?” என்றான்.

கவினுக்கு ஈளை நோய் இன்னும் இருக்கிறது. அது முற்றிலும் போய்விடும் என்று எந்த மருத்துவரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால், அது இப்போது அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள்கள் பூப்பந்து விளையாடுகிறான். காலையில் வெளியே கிளம்புவதற்கு முன் வானத்தையும் குறியீட்டையும் பார்க்கிறான். இழுப்பு வருவது போலிருந்தால் உடனே வாய்திறந்து சொல்கிறான். அவன் குணமடைந்ததன் முதல் அடையாளமாக நான் கருதுவது இதைத்தான்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் ஒரு கவின் இருக்கக்கூடும். மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பவன், ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நிற்பவள், புகைமூட்ட நாளில் காரணமின்றிக் கோபப்படுபவன் என எந்த உருவிலும் இருக்கலாம். அவர்களைச் சோம்பேறி என்றோ பலவீனமானவர் என்றோ எண்ணிவிடாதீர்கள். காட்டில் எரியும் தீயை நாம் ஒருவராக அணைக்க முடியாது. நம் வீட்டுக் குப்பையை எரிக்காமல் இருக்க முடியும். பள்ளி வாசலில் காத்திருக்கும் வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்தும்படி அப்பாவிடம் சொல்ல முடியும். நண்பனுக்கு மூச்சுத் திணறும் நாள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அவனுடைய பம்ப் பையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.